மயிலம்மா கதவுக்கு வெளியே நின்ற கால் மணி நேரம்

மயிலம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் கொழும்பில் கொட்டாஞ்சேனையே சிரிக்கும். புறக்கோட்டையில் அவள் மிளகாய்க் காம்பு கிள்ளும் கிட்டங்கியின் முதலாளி உலகப்பன் செட்டியாரிடம், இல்லாத மாமியாரை மூன்று தடவை சாகடித்து லீவு எடுத்தவள் அவள். ஆனால் மகன் அழகரைப் பற்றி மட்டும் அவள் வாயில் ஒரு பொய் வராது. அந்த ஒரு விஷயத்தில் உண்மை பேசப் போய்த்தான் பாடுபட்டாள்.

அழகருக்கு அப்போது பத்தொன்பது வயது. நெடிய உருவம், அகன்ற தோள், பார்த்தால் பொலிஸ் வேலைக்கே எடுப்பார்கள். பேச்சுத்தான் இல்லை. யாராவது சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான், அதுவும் மனம் வந்தால். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். சத்தம் கூடினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முனகுவான். சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர்தான் சொன்னார், மருந்து சொல்லவில்லை.

புருஷன் செல்லையா துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தபோது பையனுக்கு ஐந்து வயது. அவனைத் தானாகக் குளிக்கப் பழக்க மயிலம்மாவுக்கு மூன்று வருடம் பிடித்தது. பொதுக் குழாயடியில் பின்னால் நிற்கும் பெண்கள் வாய்க்கு வந்தபடி பேச, அவள் வாளியைக் காட்டுவாள், கோப்பையைக் காட்டுவாள், தலையைக் காட்டுவாள். மறுநாளும் அதே வரிசை. ஒரு நாள்கூடக் கை ஓங்கியதில்லை. சொல்ல லேசு, மூன்று வருடம் செய்து பார்க்க வேண்டும். சட்டை போட இரண்டு வருடம். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்க இன்னும் இரண்டு.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது, சண்டைக் காலம். நகரத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு நடக்கும். அப்படி ஒரு காலையில் மயிலம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், வாசலில் நின்ற அழகரிடம் ஆமிக்காரன் பெயர் கேட்டிருக்கிறான். அவன் காதைப் பொத்திக்கொண்டான். பெயர் சொல்லாத தமிழ்ப் பையன் என்றால் அந்த நாளில் அவ்வளவுதான், ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள். வாளியைப் போட்டுவிட்டு ஓடிய மயிலம்மா அன்று முழுக்கப் பொலிஸ் வாசலில் கிடந்தாள். பின்னேரம் விட்டபோது அவன் உதடு கிழிந்திருந்தது. அவனை விட்ட இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. பையன் இப்படித்தான் என்று அரசாங்க முத்திரையோடு ஒரு கடதாசி எடுத்து வை, அடுத்த முறை நான் இங்கே இருக்க மாட்டேன், என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

அங்கவீனர்களைப் பரிசோதித்து உதவிப் பணத்துக்கு எழுதும் போர்டு ஒன்று இருந்தது. தேறினால் படமும் முத்திரையும் வைத்த அட்டை கிடைக்கும். அந்தப் பணத்தை ஊரில் பிச்சைச் சம்பளம் என்பார்கள். அந்தப் பேருக்காகவே அத்தனை வருடம் மயிலம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அவளுக்கு அந்த முத்திரை வேண்டும்.

முதல் தடவை போனபோதுதான் அந்தப் பிழையைச் செய்தாள். அவள் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றால் கோயிலுக்குப் போவது போலப் போக வேண்டும் என்பது லயத்து வீட்டில் படித்த பாடம். அழகருக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை போலக் கொண்டுபோய் நிறுத்தினாள். அதிகாரி கேட்டார்: தானாகக் குளிப்பானா? குளிப்பான், சேர். உடுப்பானா? உடுப்பான். சாப்பிடுவானா? சாப்பிட்டுத் தட்டையும் கழுவுவான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். தன்னோடு கிட்டங்கிக்கு வந்தால் அவன் அடுக்குவது போல மூட்டையை நேராக அடுக்க ஆள் இல்லை என்றும் சொன்னாள். பெற்றவளுக்குப் பெருமை வந்தால் வாய் நிற்குமா?

மாதம் முடியுமுன், மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஹியூபேட் ஐயா வாசித்தார். தன் கருமங்களைத் தானே செய்யக்கூடியவர் என்ற இடத்தில் மயிலம்மாவின் முகம் மலர்ந்தது. ஆகையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்ற மிச்சத்தை அவர் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.

மேல்முறையீடு எழுதிப்போட்டார் ஹியூபேட் ஐயா. எது கேட்டாலும் இல்லை என்று சொல் என்றும் சொல்லிக்கொடுத்தார். முன்வீட்டுப் பலீலா, அழுக்குச் சட்டையோடு கலைந்த தலையாகக் கூட்டிப் போகச் சொன்னாள். நல்ல யோசனைதான். மறுபடி போக வேண்டிய காலையில் மயிலம்மா மகனின் தலையைக் கலைத்துவிட்டாள். அவன் சீப்பை எடுத்து வாரிக்கொண்டான். மறுபடி கலைத்தாள், மறுபடி வாரினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. வருடக்கணக்கில் பழக்கியதை ஒரு காலையில் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சட்டையோடேயே கூட்டிப்போனாள்.

இந்த முறை இருந்தவர் டொக்டர் இராஜநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். மயிலம்மாவின் விரல் மகனின் முழங்கையைத் தொட்டது. அழகர், என்றான். உட்காரச் சொன்னார். அவள் கதிரையை நகர்த்தினாள், உட்கார்ந்தான். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. அவன் கை எழும்புவதற்குள் அவள் கை அவன் முதுகில் இருந்தது. டொக்டர் பேனாவை எடுத்து, தானாகக் குளிப்பாரா என்று கேட்டார். படித்து வைத்த இல்லை என்ற சொல் வாயில் வரவில்லை. அவள் தலை குனிந்தபோது தன் கை இன்னும் அவன் முதுகில் இருப்பதைப் பார்த்தாள். அவனைப் பழக்கிய பதினான்கு வருடத்தில் முதல் தடவை பார்த்தாள்.

"ஐயா, நான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன். நீங்க அவன்கூட இருந்து பாருங்க. எல்லாம் செய்வான்னுதான் என் வாயில வருது. நான் இல்லாம இவன் எப்படி இருப்பான்னு நானே பாத்ததில்ல."

வெளியே வந்து கதவைத் தானே சாத்தினாள். முதலில் சத்தமே இல்லை. பிறகு முனகல் கேட்டது. டொக்டர் மெதுவாக ஏதோ கேட்டார், முனகல் கூடியது. கதிரை விழுந்தது. அதன்பின் சுவரில் மண்டை மோதும் சத்தம், விட்டு விட்டு. வாசலில் இருந்த பியோன் எழுந்து, உள்ளே போங்கள் அம்மா என்றான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தான் போனால் சத்தம் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நின்றால் கடதாசி இல்லை, கடதாசி இல்லாவிட்டால் ட்ரக். பிள்ளை அழுதால் ஓடாத தாய் உண்டா என்பார்கள். ஓடாமல் நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும், அவளைவிடப் பெரிய மனுஷியை நான் பார்த்ததில்லை.

கால் மணி நேரத்துக்குப் பிறகு டொக்டர்தான் கதவைத் திறந்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. மூலையில் குந்தியிருந்த அழகரின் முன்னால் மயிலம்மா போய் உட்கார்ந்து முழங்கையைத் தொட்டாள். முனகல் அடங்க நேரம் எடுத்தது. அதற்குள் டொக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார். பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டினார்: தாயின் துணை இல்லாமல் எதையும் செய்ய இயலாதவர், கேட்டால் பதில் சொல்ல இயலாதவர்.

மயிலம்மா கடதாசியை வாங்கினாள். போகவில்லை.

"குளிப்பான்னு ஒரு வரி போடலாமாங்க, ஐயா? அது மெய்தானே."

"எழுதினா மேல இருக்கிறவை விண்ணப்பத்தையே வெட்டிப்போடுவினம், அம்மா."

அவள் கடதாசியை மடித்தாள்.

"அப்ப எழுத வேணாங்க. நீங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. இவன் தானாக் குளிப்பான், தலை சீவுவான், தின்ன தட்டைக் கழுவி வைப்பான்."

டொக்டர் பேனாவை மூடிவிட்டு, ஓம் அம்மா, தெரிஞ்சுகொண்டன் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் மகனை எழுப்பிக்கொண்டு புறப்பட்டாள்.