சித்திக்காக நான் திறந்த கோப்பு

மலேசியாவில், ஜொகூரில் ஒரு ராணுவ முகாமின் ஆவணப் பிரிவில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான். சட்டதிட்டமெல்லாம் எனக்கு அத்துப்படி.

போன வருஷம் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சித்தி போன் பண்ணினார். "உங்க முகாம்ல இருக்கிற பையனைத்தான் என் மகளுக்குப் பேசியிருக்கோம். அவர் கோப்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா. எல்லாரும் விசாரிக்கிறதுதானே லா!"

தனிநபர் தரவுச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அது போதும் என்று அந்தப் பையனின் மருத்துவக் கோப்பைத் தைரியமாகத் திறந்தேன். வேலையில் சேர்ந்தபோது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டதை வசதியாக மறந்துவிட்டேன். பயிற்சியில் நண்பன் இறந்தபிறகு, அவர் ஆறு மாதம் மனநல ஆலோசனைக்குப் போயிருந்தார். சித்தியிடம் சொன்னேன். ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி, சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவரே என் கவுண்டருக்கு வந்தார். "அக்கா, வெளி டாக்டர் கேட்கிறாரு. என் மருத்துவக் கோப்பு ஒரு நகல் கிடைக்குமா?"

"அதிகாரிக்கு மனு எழுதணும், தம்பி. கோப்பு ரகசியம்."

அவர் சிரித்தார். "நல்லதுக்கா. அதுல இருக்கிறது எங்க அம்மாவுக்கே தெரியாது."

மனுப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அன்றே அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தத் தம்பியிடமும் நேரில் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதன்பின் என்னை அக்கா என்று கூப்பிட்டதுமில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று இன்றும் சரியாகச் சொல்வேன். ஆனால், பெற்ற தாயிடமே அவர் சொல்லாததை என் சித்தியிடம் சொன்னவள் நான்.