கண் திறந்து செய்த ஜெபம்

1983 ஏப்ரல் 16, சனிக்கிழமை. விடியற்காலையில் கிணற்றடியில் முகம் கழுவி, குடும்ப ஜெபம் முடித்து, தேநீர் குடித்தேன். மனைவி மூன்று சோற்றுப் பார்சல்கள் கட்டித் தந்தார். நானும் தம்பி டானியலும் கொக்குவிலிலிருந்து மயிலிட்டிக் கடற்கரைக்கு பஸ் ஏறினோம். அன்று நண்பகலில் என் தம்பியைக் கடலில் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். கர்த்தர் அவனைத் திருப்பித் தந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து லீவில் வந்த டானியல், நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடிகளும் மூச்சுக்குழாய்களும் கொண்டுவந்திருந்தான். மயிலிட்டி மீனவரும் கத்தோலிக்கருமான அன்ரனி அண்ணை தன் வள்ளத்தில் எங்களை, கடலடியில் பவளப்பாறை மேடாகக் கிடக்கும் முருகைக்கல் பாருக்குக் கூட்டிப்போய் நங்கூரம் போட்டார். வள்ளத்தின் நிழல் கற்களின் மேல் ஏறி இறங்குவது தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவு. அப்போது இரண்டு யானைத் திருக்கை மீன்கள் வந்தன. ஒவ்வொன்றும் நான் படிப்பிக்கும் வகுப்பறையின் கரும்பலகையை விட அகலம். தலையில் இரு கொம்புகள். வாயைத் திறந்தபடி எங்களுக்குக் கீழே வட்டமிட்டன. ஒன்று புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. டானியல் தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்து அழுத்தினான். அந்த அழுத்தம் இன்றும் என் கையில் இருக்கிறது.

மதியம் நான் வள்ளத்தில் ஏறிப் பார்சலைப் பிரித்தேன்.

“நீங்கள் தொடங்குங்கோ அண்ணை. நான் இன்னொருக்காப் பாத்திட்டு வாறன்,” என்று டானியல் தண்ணீரிலேயே நின்றுவிட்டான்.

சாப்பாட்டு ஜெபத்தில் தூரத்து உறவினர் எல்லோரையும் பெயர் சொல்லி நினைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

“மாஸ்டர், நாங்கள் ஒரு சிலுவை போட்டிட்டுச் சோத்திலை கை வைச்சிடுவம். நீங்கள் முடிக்கேக்கை உது புளிச்சுப் போகும்,” என்றார் அன்ரனி அண்ணை. ஆனாலும் மரியாதைக்காகத் தானும் கண்ணை மூடினார். பிறகு தூங்கிவிட்டார் போலும்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தேன். கீழே பார் இல்லை. கருநீலம் மட்டும். நங்கூரக் கயிறு முன்பக்கம் விறைத்து நின்றது. அதன் முனையில் ஒரு திருக்கை. கயிறு கொம்பில் மாட்டியபடி எங்களை இழுத்துக்கொண்டு போகிறது. அன்ரனி அண்ணை கத்தியால் கயிற்றை அறுத்தார். திருக்கை வளைந்து வளைந்து இழுத்ததால் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று தெரியவில்லை. கரை புகார் மூட்டத்தில் மறைந்திருந்தது. டானியலின் தலை எங்கும் இல்லை.

“ஏன் மாஸ்டர் சும்மா இருக்கிறியள்? செபியுங்கோ. இனிப் பகிடி விடமாட்டன். ஆனால் கண்ணை மூடாதேங்கோ.”

“கர்த்தாவே, டானியல்” என்றேன். அந்த ஒரு பெயர் மட்டுமே வந்தது.

தூரத்தில், நான் பார்த்துக்கொண்டிருந்த திசையில், மற்றத் திருக்கை தண்ணீரை விட்டு முழுதாக எழும்பியது. வெள்ளை வயிறு வெயிலில் மின்னியது. விழுந்த சத்தம் பிந்தித்தான் கேட்டது. அன்ரனி அண்ணை மெசினை இழுத்து முடுக்கி வள்ளத்தை அங்கே திருப்பினார்.

டானியல் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டதும் சொன்னான்: “வள்ளம் போறதைக் கண்டு கத்திப் பாத்தன். பிறகு, ஆண்டவரே, அண்ணையைக் கெதியா ஆமென் சொல்ல வையும் எண்டு ஜெபிச்சனான்.” அன்ரனி அண்ணை சிரித்தார். நான் அழுதேன்.

போரினால் இன்று அந்தக் கரைக்கு எங்களால் போக முடியாது. டானியல் கனடாவில் இருக்கிறான். அன்ரனி அண்ணை இடம்பெயர்ந்து எங்கே இருக்கிறாரோ தெரியாது. கடலை நினைக்கும் போதெல்லாம் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். அன்பானவர்களே, எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பெயர் உங்களுக்கும் இருக்கும். அதை மட்டும் கர்த்தரிடம் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பார்த்திருங்கள். அவர் காட்டுவார்.

அன்று கடலிலிருந்து மீண்டதற்கு மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் முதல் வேலையாகக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். மற்றவர்கள் கண்களை மூடினார்கள். நான் எதிரே இருந்த டானியலைப் பார்த்தபடியே ஜெபித்தேன். நான் ஆமென் சொல்லும்வரை அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.