இரும்புத் தொப்பிக்குள் ஒரு பெயர்

ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கி இறக்கி, முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று கைவிரித்த பிறகு இணுவிலுக்குத் திரும்பி வந்தவள் நான். அங்கேயிருந்து என்ன கொண்டுவந்தாய் என்று ஊரில் கேட்பார்கள். சொக்கிலேற் என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையில் நான் கொண்டுவந்தது ஒருவருக்கும் உதவாத ஒரு வித்தை. ஜேர்மன்காரருக்கே இப்போது வாசிக்கத் தெரியாத அவர்களுடைய பழைய கையெழுத்தை நான் வாசிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தைப் படித்த கடைசித் தலைமுறை எங்கள் இல்லத்தில்தான் படுத்திருந்தது. கண் மங்கிய பிறகு, தங்கள் பெட்டிக்குள் கிடந்த பழைய கடதாசிகளை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். நான் வாய்க்கு வந்ததை வாசிக்க, அவர்கள் ஏசி ஏசித் திருத்துவார்கள். ஏச்சு வாங்கியே எழுத்துப் பிடிபட்டது. கடைசியில், பெற்ற தாய் எழுதியதை அவளுடைய பிள்ளைகளுக்கே நான் வாசித்துச் சொல்லும்படி ஆயிற்று. அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பார்கள். எனக்கு அதில் பெருமை, கொஞ்சம் கெப்பர்தான்.

அப்படி வாய் பிளந்தவர்களில் ஒருவர் இரண்டாம் உலக யுத்தத்து ஜேர்மன் சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகளைச் சேர்க்கிற மனிதர். நான் ஊருக்கு வந்த பிறகும் அவர் என்னை விடவில்லை. எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே மாதிரித் தொப்பி. ஆள் மாறிப் போகாமல் இருக்க, உள்ளே இருக்கும் தோல் பட்டியிலோ பிடரிப் பக்கத்து விளிம்பிலோ தன் பெயரை எழுதி வைப்பான். சிலர் மையால், சிலர் வெள்ளைப் பெயின்ரால், ஒன்றும் கிடைக்காதவன் ஆணியால். வேர்வை அதில் பாதியைத் தின்றிருக்கும். மனிதர் படம் பிடித்துக் கைபேசிக்கு அனுப்புவார். மீதிப் பாதியை வைத்து நான் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் படை என்னவெல்லாம் செய்தது என்று அந்த நாட்டில் இருந்தே கேட்டறிந்தவள் நான். வெளிப்பக்கத்தில் கழுகுச் சின்னம் தெரிகிற படங்களை அருவருப்போடு தள்ளிவிட்டு உட்பக்கத்துக்குப் போய்விடுவேன். உள்ளே ஒரு பெயர் மட்டும்தான் இருக்கும்.

அக்காவுக்கு இந்த வேலை பிடிக்காது. "உலகத்திலை பாக்கிறதுக்கு வேறை ஒண்டும் இல்லையே உனக்கு?" என்பாள். இரும்புத் தொப்பியைப் படத்தில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அக்கா கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். யுத்தத்தின் கடைசி மாதங்களில், பள்ளிக்கூடம் முடிக்காத அவளுடைய ஒரே மகனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்ததைக் கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை, உயிரோடு கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. அத்தானும் செத்த பிறகு அக்கா எங்கள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது, "உங்கடை பிள்ளைக்கு எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தவள். கீரிமலைக்குப் போய் அந்தியேட்டியைச் செய்துவிடு, அவனுடைய ஆத்துமாவாவது சாந்தியடையட்டும் என்று சொந்தக்காரர் சொல்லாத நாளில்லை. "செத்தவைக்குத்தான் அந்தியேட்டி" என்பதோடு அவள் கதையை முடித்துவிடுவாள். நானும் அதைப் பற்றி அவளோடு கதைப்பதில்லை.

போன மாரியில், மழை விட்ட ஒரு காலை, தொப்பிக்காரர் என்னை அழைத்தார். இந்தத் தடவை அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. தொப்பி வேறொரு நாட்டில், ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டிலில் தொங்கியதாம். அந்த உலக யுத்தம் முடிந்த கையோடு வயலில் கண்டெடுத்ததாம். அந்த வயலோரத்தில் பெயரில்லாத சிப்பாய்களைப் புதைத்த குழிகள் இன்னும் இருக்கின்றனவாம். தொப்பிக்காரருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா. தகப்பன் படையோடு போகும்போது இந்த அம்மா தாயின் வயிற்றில். அந்தப் பக்கத்தில் எங்கேயோ காணாமல் போனார் என்பதற்கு மேல் தகப்பனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொப்பியில் இருந்த பெயரின் தொடக்கம் தன் தகப்பனுடைய பெயர் மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டாராம். அது தகப்பனுடையதென்றால், அந்த வயலுக்குப் போய் ஒரு பூவை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாவேன் என்கிறாராம்.

அந்தப் பழைய எழுத்தில் பாதி, வேலியில் நட்ட கதியால்கள் மாதிரி ஒரே கோடாக நிற்கும். வாசிக்கப் போனால் மனம் தனக்கு வேண்டியதை வாசித்துவிடும். அதனால் நான் வாசிப்பதில்லை. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், எழுத்து என்றே நினைக்காமல், கோடு கோடாகப் பார்த்து வரைவேன். வரைந்து முடித்த பிறகுதான் வாசிப்பேன்.

வரைந்தேன். தொடக்கம் ஒத்துப்போனது. நடுவும் ஒத்துப்போனது. முடிவுக்குக் கிட்ட மட்டும் ஒரு கோடு கீழே இறங்கியது. தோல் வெடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் அது வெடிப்பாக இல்லை. மைதான். ஓர் எழுத்தின் வால். அந்த அம்மாவின் தகப்பனுடைய பெயரில் வால் இறங்குகிற எழுத்தே கிடையாது. தொப்பி வேறொருவனுடையது.

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, முகம் செத்துப்போச்சு?"

நடந்ததைச் சொன்னேன். "ஓம், தேப்பன்ரைதான் எண்டு எழுதினா என்ன அக்கா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்யலாமெண்டு சொல்லுகினம். ஒரு செத்த வீட்டுக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதே? பாவம், மனுசி போய்ப் பூவை வைக்கட்டும்."

அக்கா சுளகைத் தள்ளி வைத்தாள். "உனக்கென்ன விசரே? இவ அங்கை போய்த் தன்ரை தேப்பன் எண்டு அழுவா. அப்ப அதிலை கிடக்கிற பிள்ளைக்கு ஆர் அழுகிறது? அவனையும் ஒரு தாய்தானே பெத்தவ?" மூச்சு வாங்கிக்கொண்டு, "இல்லையெண்டு எழுது. தேடித் தாறம் எண்டு பொய்க்கு ஓம் சொல்லுறவையைக் கண்டு கண்டு எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

இல்லையென்று எழுதினேன். எழுதிய பிறகு, தேவையில்லாமல் அக்காவோடும் கோபித்துக்கொண்டேன்.

அந்த அம்மா அழுதாராம். பிறகு, அப்படியென்றால் இவன் யார், இவனுக்கு யாரும் இல்லையா என்று கேட்டு, தொப்பிக்காரரை இருக்க விடவில்லையாம். நான் எழுதிக் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு இருவரும் தேடியிருக்கிறார்கள். மாரி முடிவதற்குள் ஒரு படம் வந்தது. அந்தச் சிப்பாயின் கடைசித் தங்கையாம், இன்னும் உயிரோடு இருக்கிறாராம். சக்கர நாற்காலியில், மடியில் தொப்பி. தோல் பட்டியில் அண்ணனின் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்திருந்தார். பக்கத்தில், தகப்பன் கிடைக்காத அந்த அம்மா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை அக்காவிடம் நீட்டினேன். முகத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"உதிலை எழுதியிருக்கிறது அவன்ரை சொந்தப் பேரோ, அவங்கள் வைச்ச பேரோ?" என்று கேட்டாள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. எத்தனையோ தொப்பி பார்த்த எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததேயில்லை. எங்கள் பக்கத்தில் இயக்கத்துக்குப் போனால் வீட்டுப் பெயர் போய்விடும்; அவர்கள் வைக்கிற பெயரில்தான் கூட நிற்கிறவர்களுக்கும் தெரியும். எல்லாப் படையிலும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"சொந்தப் பேர்தான் அக்கா. தாய் தேப்பன் வைச்ச பேர். அங்கை பேர் மாத்திறேல்லை."

"அதுதான் தேடிப் பிடிச்சிருக்கினம்" என்றாள்.

கைபேசியைத் திருப்பித் தந்தாள். பிறகு சொன்னாள்: "நான் முகாம் முகாமாய்க் கேட்டனான். ஆசுப்பத்திரியிலை கேட்டனான். ஆமி தடுப்பிலை வைச்சிருந்து விட்ட பெடியள் ஒவ்வொருத்தனிட்டையும் கேட்டனான். எல்லாரிட்டையும் நான் வைச்ச பேரைத்தானே சொன்னனான். அவனோடை ஒரு கோப்பையிலை சாப்பிட்டவன் நிண்டிருந்தாலும், அந்தப் பேர் தெரியாதெண்டுதானே சொல்லியிருப்பான்?"

படத்தைக் காட்டினாய்தானே என்றேன்.

"காட்டினனான். சின்ன வகுப்பிலை எடுத்த படம். வேறை படம் மிஞ்சேல்லை."

அவனுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். இவ்வளவு காலத்தில் அவளிடம் நான் கேட்டிராத கேள்வி அது.

"எனக்குத் தெரியாதடி," என்றாள் அக்கா. "அவன் வந்து சொன்னாத்தான்."