மயிலாள் அக்காவின் பெட்டூனியா

"இத்தன வெளிச்சத்துல வெச்சும் செடி ஏங்கண்ணு இப்படி நெட்டையாப் போகுது?" என்று மயிலாள் அக்கா என்னிடம் கேட்டார்.

2006இல் மங்கலத்திலிருந்து எங்கள் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்தவர் அவர். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்தப் பெட்டூனியாப் பூச்செடி ஒன்றைத்தான். துணியில் ஓட்டை பார்ப்பதற்காக எரியும் டியூப் லைட்டுகளுக்குக் கீழேயே தொட்டியை வைத்திருந்தார். தண்டுகள் முழ நீளம் தொங்கின. இலைகள் தள்ளித் தள்ளி இருந்தன. நுனியில் இரண்டே பூ.

சூப்பர்வைசர் செல்வக்குமார் சிரித்தார். "என்னங்கக்கா, பூச்செடியா, நாடாக் கயிறுங்களா? சனிக்கிழமைக்குள்ள தூக்கிப் போட்டுருங்க."

அக்கா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைட்ட இது மதிக்கவே இல்ல பாரு கண்ணு. எல்லாத் தண்டும் ஜன்னலுக்குத்தான் சாயுது. வெயிலுக்குத் தவிக்குது."

பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்தார். பூவோடு வெட்ட மனம் வராமல் கை நின்றது. பிறகு ஒவ்வொரு தண்டையும் இலைக்கணுவுக்கு மேலே பாதியாக வெட்டி, தொட்டியை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வெயிலில் வைத்தார்.

மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர்த்து, தொட்டியே தெரியாமல் பூத்தது.

"நம்மூட்டுக்கும் ஒரு செடி வேணுங்கக்கா" என்றார் செல்வக்குமார்.

"ஊட்டுல வெயில் உழுகுதான்னு மொதல்ல பாருங்க."

நெட்டையாகிப்போன பெட்டூனியாவைத் தூக்கிப்போடப் போகிறவர் யாரையாவது தெரிந்தால், தயவுசெய்து அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.