தரையோடு வந்த கார்

டயர் கடைக்காரன் ஆட்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. யாருடைய சக்கரம் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்பதை வைத்துத்தான். திருத்தணியை விட்டு வெளியே வரும் சாலையில் கடை வைத்திருக்கிறேன். நீங்களும் இந்தப் பக்கம் போய் வருகிறவராக இருந்தால், உங்கள் முதுகும் என் பிழைப்பும் ஒரே பள்ளத்தில்தான் கிடக்கின்றன. மழை விட்டதும் பள்ளங்கள் பெரிதாகும், கடையில் கூட்டம் சேரும். இதற்குச் சந்தோஷப்படலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி எழும். பதில் வருவதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

இங்கே சொல்லப்போவது அப்படி வந்த ஒரே ஒரு காரைப் பற்றி. அது கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் என் மகள் சுகன்யாவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜாக்கி நுழையாத இடம்

முதல் தடவை அந்தக் கார் வந்தபோது அது வருவதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அடிப்பக்கம் தரையில் உரசும் சத்தம். வெள்ளைக் கார், கைமாறி வாங்கியது. ஸ்ப்ரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கியிருந்தார்கள். முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். பள்ளத்தில் இறங்கி ஏறியதில் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றலாம் என்றால் ஜாக்கி அடியில் நுழையவில்லை. என் கடையை ஒட்டிய ஷெட்டில் மெக்கானிக் வேலை பார்க்கும் ஜாஃபர் பாய் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட்டு, காரை அதன்மேல் ஏற்றி, பிறகுதான் ஜாக்கியை உள்ளே தள்ள முடிந்தது. ஓட்டி வந்த பையன் பெயர் தினேஷ். கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், ஒரு தொழிற்சாலையில் வேலை. "ஏம்பா இவ்ளோ எறக்கி வெச்சிருக்க?" என்று கேட்டேன். "லுக்குக்குத்தாண்ணா" என்றான். பலகைக்குப் பக்கத்தில் படுத்திருந்த பாய் தலையைத் தூக்காமலே சொன்னார்: "லுக்கு வெளிய நிக்கறவனுக்கு, அடி உள்ள குந்தினு இருக்கறவனுக்கு. நீ எங்கப்பா இருக்க?"

மலையிலிருந்து இறங்கிய தேங்காய்

எங்கள் ஊரில் வண்டி வாங்கினால் மலைமேல் கொண்டுபோய்ப் பூஜை போட வேண்டும். புதுசா பழசா என்பது பேச்சில்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்து, பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர வேண்டும். தினேஷ் புது டயர் போட்ட கையோடு அதையும் செய்தான். எலுமிச்சம்பழம் ஒழுங்காக நசுங்கியது. தேங்காய் மூடி ஒன்று மட்டும் பம்பருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மற்ற கார்களாக இருந்தால் மேலேயே தாண்டிப் போயிருக்கும்.

மூடியைத் தள்ளிக்கொண்டே மலைப்பாதை முழுக்க இறங்கி நேராக என் கடைக்கு வந்தான். கூடவே அவன் அம்மா. பாய் மறுபடியும் பலகை போட்டு, படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். தார் உரசி ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்த அந்த மூடியை அவர் ஓரமாக எறியப்போனபோது அந்த அம்மா பதறிப்போய்க் கையை நீட்டினார்: "ஐயோ பாய், எறியாதீங்க, சாமி தேங்கா, சட்னிக்கு ஆவும்!"

கார்டு மாமா

அடுத்து வந்தது ரிம் வளைந்து. தினேஷின் தாய்மாமா கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அரக்கோணத்தில் வீடு. அவரைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு வரும் வழியில், மழைத்தண்ணீர் நின்றிருந்த பள்ளத்தைச் சமதளம் என்று நினைத்திருக்கிறான். நாம் எல்லாரும் ஒரு தடவையாவது அப்படி நினைத்தவர்கள்தான். ஆனால் நம் வண்டியில் ஸ்ப்ரிங் இருந்தது.

ரிம்மை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது தினேஷ், "பாய், அந்தப் பலகை ரெண்டும் எனக்கே குடுத்துடுங்களேன்" என்று கேட்டு வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டான். காரைச் சரிசெய்வதை விட்டுவிட்டுப் பலகை சுமக்கிறானே, இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நான் மனசுக்குள் நினைத்தேன். நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

மாமா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "கூட்ஸ் வண்டியில கடைசிப் பொட்டியில வேலை பார்த்தவன் சார் நான். இஞ்சின் ஒரு இழு இழுத்தா இங்க ஆளே பறக்கணும். அதுல குந்தினு டீ குடிப்பேன், ஒரு சொட்டு சிந்தாது" என்றார். நான் தலையசைத்தேன். அவர் மருமகனைத் திரும்பிப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "திருத்தணி பஸ்ஸு இங்கயே கைகாட்டினா நிக்குமா சார்?"

மிஞ்சின கலவை

எங்கள் தெருவில் வேகத்தடை போட்டது அரசாங்கம் இல்லை. ஒரு வீட்டில் தளம் போட்டபோது கலவை மிஞ்சியது. மிஞ்சிய கலவையைத் தெருவில் கொட்டி வேகத்தடை ஆக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பைக்காரன் ஆட்டுக்குட்டியை இடித்துவிட்டுப் போயிருந்தான், ஆகவே எல்லாருக்கும் உற்சாகம்.

டயர் கடைக்காரன் என்பதால் உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். அதுவரை எந்த விஷயத்திலும் என்னை யாரும் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். போட்டார்கள். மறுபடியும் "இன்னும் கொஞ்சம்" என்றேன். என்ன வேகம் என்னை அப்படிச் சொல்ல வைத்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மகளைக் கரையேற்றாத கவலை ஒரு மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதற்குக் கணக்கில்லை. கரணையால் மேலே தடவி முடித்த மேஸ்திரி இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்: "அண்ணே, உச்சியில ஒரு கோயில் கட்டிட்டா நாமளும் ஆடிக்கிருத்திகை நடத்தலாம்."

போட்டோவில் நின்றவன்

தரகர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். பையன் ஒரு காரில் சாய்ந்தபடி நிற்கிறான். எனக்குப் பையனைத் தெரியவில்லை. முன் சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து நின்ற விதம் தெரிந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தினேஷ்.

"இது வேணாம்" என்றேன். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் சொன்னார். "டயரோட உள்பக்கம் பூரா தேஞ்சி போயிருக்கு. நல்லா இருந்த ஸ்ப்ரிங்கை வெட்டினவன். நாளைக்கு எதை வெட்டுவானோ" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. தேய்ந்த டயரை வைத்து ஆளை எடைபோடுவது எந்த ஊர் நியாயம்? என் ஸ்கூட்டரின் பின் டயர் வழுக்கையாகி வெகுநாள் ஆகிறது. சுகன்யா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "வரட்டும் நைனா, பார்க்கலாம்" என்றாள். தினமும் மின்சார ரயிலில் ஆவடிக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசுகிறவள் என் மனைவி: "உங்களை எனக்குப் பார்த்தப்ப எங்க நைனா உங்க சைக்கிள் டயரைப் பார்த்திருந்தா, நான் இந்நேரம் எங்கியோ நிம்மதியா இருந்திருப்பேன்."

தெருவே பார்த்தது

அவர்கள் வருவதற்கு முன்பே கார்டு மாமா பஸ்ஸில் வந்து எங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது.

கார் தெருமுனையில் திரும்பி, வேகத்தடைக்கு முன்னால் வந்து நின்றது. நான் சொல்லி உயர்த்திய வேகத்தடை. மாடியிலிருந்து சுகன்யாவும், வாசலிலிருந்து நானும், மற்ற இடங்களிலிருந்து தெருவும் பார்த்துக்கொண்டிருந்தோம். தினேஷ் இறங்கினான். குனிந்து உயரத்தைப் பார்த்தான். அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டான், பிறகு அப்பாவை. பழத்தட்டையும் பூவையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான். டிக்கியைத் திறந்து பாய் கொடுத்த பலகை இரண்டையும் எடுத்து வேகத்தடையின் இந்தப் பக்கம் சாய்த்து வைத்தான். முன் சக்கரம் ஏறியது. இறங்கி வந்து பலகையை அந்தப் பக்கம் மாற்றினான். முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரத்துக்கு முதலிலிருந்து எல்லாம் மறுபடியும். நடுவில் ஒரு ஆடு வந்து பலகையின்மேல் நின்றது. அது போகும் வரை காத்திருந்தான். எதிர்வீட்டுத் திண்ணைக்கூட்டம் சிரித்தது. "இன்னாபா, கப்பல் எறக்கறியா?" என்று ஒருவர் கேட்டார். அவனும் சிரித்துவிட்டு, "ஆங்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க, அலை அடிக்கும்" என்றான். கடைசியில் பலகையைத் துணியால் துடைத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வந்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீடு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அவர்கள் போன பிறகு சுகன்யாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்குமா என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. அவள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தெருவே சிரிக்குது, அந்தாளு ஒருத்தர் மேலயும் எரிஞ்சி விழல. அம்மா மேலயும் இல்ல, ஆட்டு மேலயும் இல்ல. எனக்குச் சரிதான் நைனா. ஆனா அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன், ஸ்ப்ரிங்கை மாத்தச் சொல்லு."

ஏற்றிய பிறகு

மறுவாரமே தினேஷ் கடைக்கு வந்தான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவனுக்குக் குழப்பம். "அண்ணா" என்று ஆரம்பித்து, "மாமா" என்று மாற்றி, புது ஸ்ப்ரிங் போட வேண்டும் என்றான். பாய் போட்டார். கார் எழுந்து நின்றது. ஜாக்கி முதல் தடவையாகத் தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. பலகைகளைத் துடைத்துப் பாயிடமே திருப்பிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சேதி சொல்ல எங்கள் தெருவுக்கு வந்தான். பாயும் நானும் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தோம். வேகத்தடை வந்தது. கார் நிற்கவில்லை. வேகம் குறைந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு குதி குதித்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று வாசல்படிக்குத் தாவியது. அதிலிருந்து தினமும் இரவு சாப்பிடும்போது எனக்கு ஒரே கேள்விதான்: அன்றைக்கு நாங்கள் பார்த்த பொறுமை அவனுடையதா, இல்லை காருடையதா? எல்லாரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள் என்கிறாள் மனைவி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் சுகன்யா. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த பாய் மட்டும் அந்தக் கணமே தோளைத் தட்டிக் கேட்டார்: "அண்ணே, வெட்டின ஸ்ப்ரிங் ஷெட்லதான் கெடக்குது, திருப்பி மாட்டிடட்டுமா?"

ஸ்ப்ரிங் மாறிவிட்டது, கல்யாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது, தெருவில் அடுத்து யார் வீட்டில் தளம் போட்டாலும் மிஞ்சுகிற கலவை எனக்குத்தான் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.