மூன்று பாஷைக்கும் ஒரே பயம்

பெங்களூர் பஸ்ஸின் கண்டக்டர்தான் இறங்கி வந்து சொன்னார்: “காதர் பாய் போய்ட்டாருங்க. ஆபரேஷன் முடிஞ்சும் கண்ணு முழிக்கலியாம்.” கையிலிருந்த டீயை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

மத்திகிரி மாட்டுப் பண்ணையில் என்னோடு குமாஸ்தாவாக இருந்த பாயை உங்களில் பலருக்கு அவர் சொன்ன கதைகளால்தான் தெரியும். மதியச் சாப்பாடு ஆனதும் ஓர் ஆங்கிலக் கடல் சாகச நாவலை விரித்துக்கொண்டு மாட்டுக்காரர்களுக்குத் தமிழில் சொல்வார். உடனே கன்னடத்தில், பிறகு தெலுங்கில். கப்பலுக்கும் புயலுக்கும் வார்த்தை தேடித் திணறுவார். “பயத்துக்கு மட்டும் மாத்தவே வேணாம்ப்பா. மூணு பாஷைக்கும் அது ஒண்ணுதான்” என்பார்.

ஒருநாள் மாட்டுக்கார முனியப்பனுக்குப் பொறுக்கவில்லை. “என்னா பாய், உங்க கதையில வர்ற ஆளு எப்பப் பாரு பயம், பயம்னே சொல்றான்? இவனெல்லாம் ஒரு வீரனா?” எல்லோரும் சிரித்தோம். பாய்க்கு அது உறுத்திவிட்டது. நாவலை முதலிலிருந்து மறுபடி படித்து, அந்தச் சொல் வந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டார். “நீங்களே சேத்துச் சொல்றீங்களோன்னு நெனச்சேன்” என்று சீண்டினேன். புத்தகத்தை என் மடியில் போட்டார்.

“கோட்டுக்கு அடுத்த வரியப் பாரு. பயமா இருக்குன்னு சொன்ன கையோட படகுல எறங்கியிருப்பான், இல்ல குகைக்குள்ள போயிருப்பான். கொள்ளைக்காரக் கேப்டன் ஒருதரம்கூடச் சொல்லல. அவன்தான் மொதல்ல ஓடினான்.”

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

இவ்வளவும் கண்டுபிடித்த மனிதர் தன் வயிற்று வலியை மட்டும் மாதக்கணக்கில் மறைத்தார். ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகும், “சும்மா வாயுப்பா” என்று தட்டிக் கழித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நீங்களும் அந்தக் கேப்டன் மாதிரிதான் பாய்!” என்று கத்திவிட்டேன். சில நாள் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்து, “பெங்களூருக்குக் கூட வர்றியா?” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருக்குப்பா.”

“எனக்கும்தான் பாய்.”

சிரித்தார். பிறகு கையை விட்டுவிட்டு உள்ளே போனார். லீவு கிடைக்காததால் நான் அன்றைக்கே பண்ணைக்குத் திரும்பிவிட்டேன்.

பாய் சொல்லிவந்த கதை பாதியில் நிற்கிறது. மீதியை நாளை மதியம் என்னைத்தான் சொல்லச் சொல்கிறார் முனியப்பன். என் கன்னடம் அரைகுறை. தெலுங்கு அதைவிட மோசம். பாயின் பேச்சும் கெட்டிக்காரத்தனமும் எனக்கு வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, அதை வாய்விட்டுச் சொல்வது.

எனக்குப் பயமாக இருக்கிறது.