சுர்மாக்காரரின் இடது கண்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் சுர்மா என்கிற கண்மையும் அத்தரும் விற்ற பீர் முஹம்மதுவுக்குக் கண் வைத்தியம் தெரியாது. ஆனால் வாய் இருந்தது. சுர்மாவைக் குச்சியால் தொட்டு, வந்தவர் கண்ணில் ஒரு இழுப்பு இழுப்பார். வந்தவர் துள்ளிக் குதிப்பார்.

"எரியுதா? எரியட்டும் நைனா. எரிஞ்சாத்தான் மருந்து. எரியலேன்னா அது வெறும் கரி" என்பார் பீர் முஹம்மது.

எரியாமல் என்ன செய்யும்? மிளகைப் பொடித்து, துணியில் சலித்து, அவரே அல்லவா அதில் கலந்திருந்தார்! கண்ணீர் தாரை தாரையாக வழிய, ஜனங்களும் பெரிய பாக்கியம் கிடைத்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இருபது வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் மிளகு எதற்குப் போட்டோம் என்பதையே மறந்துவிட்டு அவரே நம்பத் தொடங்கிவிட்டார். மனைவி கைசர் ஜஹானுக்கு ஒரு தடவை போட்டுவிட்டு, அவள் கண் வீங்கி ஒரு வாரம் அடுப்பங்கரையில் தடவிக்கொண்டு நடந்தபோதும், "உள்ளே இருக்குற கெட்ட நீர் எல்லாம் வெளியே வருது" என்று சந்தோஷப்பட்டவர் அவர்.

1932-இல் அவருடைய இடது கண் முன்னால் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை; அந்தக் கண்ணாலேயே ஊசியில் நூல் கோப்பார். எதிரே இருப்பவர்களுக்குத்தான் சகிக்கவில்லை. அவரிடமே வேலை பார்த்துத் தொழில் பழகிக்கொண்டு எதிர்ச்சாரியில் கடை போட்டிருந்த கலீமுல்லா, "அவரு சுர்மாவைப் போட்டுக்கினா உங்க கண்ணும் அப்படித்தான் வெளியே வந்து எட்டிப் பாக்கும்" என்று சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தை அள்ளிக்கொண்டான்.

மானம் போகிறதே என்று பீர் முஹம்மது அடையாற்றில் ஒரு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் துரைராஜ் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் குழிக்குள் ஒரு கட்டி இருக்கிறது, அதுதான் கண்ணை வெளியே தள்ளுகிறது, எடுத்துவிடலாம் என்றார்.

"ஆனா ஒண்ணு பாய். எடுத்தப்புறம் உள்ளே ரத்தம் கட்டினா அது பார்வை நரம்பை நசுக்கிடும். வலி ஜாஸ்தியானா அந்த நிமிஷமே சொல்லணும். தையலைப் பிரிச்சு ரத்தத்தை வெளியே விட்டாக் கண்ணு பிழைச்சுடும். தாமசம் பண்ணினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பீர் முஹம்மது தலையாட்டினார். அவருடைய வாடிக்கைக்காரர்கள் அவரிடம் ஆட்டுவார்களே, அதே ஆட்டல்.

சனிக்கிழமை காலையில் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கட்டி வெளியே வந்தது, கண் உள்ளே போனது. கட்டுப் போட்டுவிட்டு, வலி என்றால் உடனே ஆள் அனுப்பும்படி நர்ஸ் சொர்ணத்திடம் சொல்லிவிட்டு டாக்டர் கிண்டி ரேஸுக்குப் புறப்பட்டார். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குக் கட்டுக்குள் வலி ஆரம்பித்தது. முதலில் குத்தியது. பிறகு கண்ணே வெடித்துவிடும்போல் தெறித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. பீர் முஹம்மது கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்தது பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமை!

"நர்ஸம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்றாள் கைசர் ஜஹான்.

"சும்மா இரு. நல்லா வேலை செய்யுது. டாக்டர் கெட்டிக்காரன்!"

"எனக்குப் போட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"உனக்கு இன்னா தெரியும்? எரிஞ்சாத்தான் மருந்து."

அவள் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தாள். "ரொம்ப வலிக்குதா பாய்?" என்று சொர்ணம் குனிந்து கேட்டாள். பற்களைக் கடித்துக்கொண்டு பீர் முஹம்மது, "வலியா? எனக்கா? இவளுக்குத்தான் பயம்" என்று சிரித்துக் காட்டினார். நோயாளியே சிரிக்கிறாரே என்று சொர்ணம் போய்விட்டாள். கைசர் ஜஹான் மட்டும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகையை அந்த மனிதர் வாழ்நாளில் என்றைக்குத்தான் மதித்தார்!

சாயங்காலம் டாக்டர் வந்து கட்டைத் தொட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. அவசரமாகத் தையலைப் பிரித்தார். ரத்தம் பீறிட்டு வந்தது. வலது கண்ணைக் கையால் பொத்திவிட்டு, விளக்கை இடது கண்ணுக்கு நேரே பிடித்துக் கேட்டார், தெரிகிறதா என்று.

"விளக்கை ஏத்துங்க டாக்டர், சொல்றேன்" என்றார் பீர் முஹம்மது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

காயம் ஆறியபின் கண் அழகாகத் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளைக் கண் என்று பள்ளிவாசலில் எல்லாரும் மெச்சினார்கள். அதில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்பது ஊருக்கும் தெரியும்; ஆனால் அது உறைத்தது வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்குத்தான். பீர் முஹம்மது மிளகு டப்பாவைச் சாக்கடையில் கொட்டினார். அவர் அழுது கைசர் ஜஹான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுபடியும் கடை திறந்த அன்றே சாந்தோம் குப்பத்திலிருந்து பழைய வாடிக்கை வேலம்மா வந்தாள். போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், எரியவே இல்லே?"

"இனிமே எரியாதும்மா. கண்ணுல எரிச்சல் வந்தா அது கெடுதல். உடனே கழுவிட்டு டாக்டரைப் பாரு. என் கண்ணு எப்படிப் போச்சுன்னு கேளு..."

"அதான் ஊருக்கே தெரியுமே. டாக்டரைப் பாக்கப் போயித்தானே போச்சு?" என்று எழுந்தவள், நேராக எதிர்க்கடைக்குப் போனாள்.

கலீமுல்லா குச்சியை இழுத்தான். வேலம்மா துள்ளிக் குதித்தாள். "எரியுதா? எரியட்டும் தாயி. எரிஞ்சாத்தான் மருந்து" என்றான் அவன். பீர் முஹம்மதுவின் அதே ராகம், அதே இழுப்பு.

பீர் முஹம்மது செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினார். "கழுவும்மா, கழுவு! அது மருந்தில்லே, மிளகு!" என்று கத்தினார்.

வேலம்மா வழிந்த கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போ பாய். கண்ணு போனதுல புத்தியும் பூடுச்சு உனக்கு. எரிஞ்சாத்தான் மருந்துன்னு எனக்குச் சொன்னதே நீதானே?"